சுவரை விட்டு இறங்காத பிள்ளையார்

எங்கள் மகனுக்குப் பெண் நிச்சயம் செய்துவிட்டு ஹாலிஎலவிலிருந்து திரும்பிய சாயந்தரம், சேலையைக்கூட மாற்றாமல் என் மனைவி என்னை உள்ளறைக்குக் கூட்டிக்கொண்டு போய் நடுவில் நிறுத்தினாள். நான்கு சுவர்களையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"இதுக்கு என்னா செய்யப் போறீங்க?"

எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. சுவர் நன்றாகத்தானே இருந்தது. மேலே வெள்ளை, கீழே அழுக்குத் தெரியாதிருக்க மண் நிறம். இரண்டும் சேருகிற இடத்தில், என் நெஞ்சு உயரத்துக்கு, அறையைச் சுற்றி வரிசையாகப் பிள்ளையார்கள். நான் என் கையால் ஒட்டியவர்கள்.

"பெயின்ட்தானே? அடிச்சிரலாம்," என்றேன்.

"பெயின்டை விடுங்க. இவங்களை என்னா செய்யப் போறீங்க?"

"எவங்களை?"

"தோ, சுத்தி உக்காந்திருக்காங்களே, இவங்களைத்தான். இந்த ரூம்லதானே மகனும் மருமகளும் இருக்கப் போறாங்க?"

"இருக்கட்டுமே. புதுசா வாழ வர்ற புள்ளைக்கு நாலு பக்கமும் பிள்ளையார் காவல். குடுத்து வச்சிருக்கணும்."

அவள் தலையில் கையை வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

"காவலா? ஏங்க, புதுசா கல்யாணம் ஆன பிள்ளைக. நாலு பக்கமும் சாமி கண்ணை முழிச்சுப் பாத்துக்கிட்டிருந்தா..."

அதோடு நிறுத்திக்கொண்டாள். அதற்கு மேல் சொல்லத் தேவையும் இருக்கவில்லை. எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது.

"நாமளும் இதுலதானே படுத்தோம்," என்றேன், ஏதாவது சொல்ல வேண்டுமே என்று.

"நம்ம கதை வேற. அவரு பாத்ததெல்லாம் நீங்க குறட்டை விட்டதைத்தான். பாவம், கல்யாணம் ஆகாதவரு. அவரைப் போயி இந்த ரூம்ல சுத்தி உக்கார வச்சிருக்கீங்களே."

மகன் பேசியதெல்லாம் அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது. எல்லவில் வெள்ளைக்காரர்கள் தங்குகிற ஒரு விடுதியில் அவனுக்கு வேலை. கொஞ்ச நாளாகவே வீட்டுக்கு வரும்போதெல்லாம், "அப்பா, அந்த ரூமுக்கு வேற கலர் அடிப்போமா?" என்பான். "அடிப்போம், சாமி மேல படாம அடிப்போம்," என்பேன். "இல்லப்பா, எல்லாத்தையும் எடுத்துட்டு, வெறும் செவரா..." என்று இழுப்பான். "வெறும் செவரு என்னாத்துக்கு? சாமி இருந்தாத்தானே அழகு," என்பேன். அவன் தாயைப் பார்ப்பான். தாய் அடுப்பைப் பார்ப்பாள். நான் மட்டும் நிம்மதியாகத் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அந்தப் பிள்ளையார்கள் எங்கள் வீட்டுக்கு வந்ததே ஒரு கதை. தெமோதரைப் பக்கத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தின் ஒற்றை அறையை விட்டு இந்தத் தனி வீட்டுக்கு நாங்கள் வந்த புதிது. முன்னறை, உள்ளறை, சமையலறை. எங்களுக்கு அது மாளிகைதான். முன்னறைச் சுவரில் பலகை அடித்துச் சாமித் தட்டு வைத்தேன். அதைச் சுற்றி அழகாக எதையாவது ஒட்ட வேண்டும் என்று பதுளைக்குப் போய், எனக்குப் பழக்கமான ஒரு முஸ்லிம் நானாவின் கடையில் கேட்டேன். அவர் ஒரு சுருளை எடுத்து மேசையில் உருட்டிவிட்டார். சுவரைச் சுற்றி ஒட்டுகிற நீளமான ஸ்டிக்கர் பட்டி. போடர் என்று சொல்வார்கள். சிவப்பு நிறத்தில் உள்ளங்கை அளவுக்குப் பொன்னிறப் பிள்ளையார்கள், ஒருவர் பக்கத்தில் ஒருவராக, மேசை முடிந்து தரை வரைக்கும் போய்க்கொண்டே இருந்தார்கள். தரையில் படுவதற்குள் நான் ஓடிப்போய்ப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

"அண்ணன் கும்புட்ட பொறகு நான் இதை வேற யாருக்குக் குடுக்க?" என்று நானா சிரித்துக்கொண்டே சுருளைக் கட்டிக் கொடுத்தார்.

சாமித் தட்டைச் சுற்றி ஒட்டியும் முக்கால் சுருள் மிச்சம். மிச்சமிருப்பது சாமி அல்லவா, வெட்டிக் குப்பையில் போட முடியுமா? உள்ளறைக்குக் கொண்டுபோனேன்.

அடுத்த மழைக்காலத்தில் உள்ளறைச் சுவர் பனியில் ஊறி, பட்டி ஓரம் ஓரமாகக் கழன்று தொங்கத் தொடங்கியது. ஒரு நாள் காலை கொழுந்தெடுக்கப் போக எழுந்த என் மனைவி, காலை வைத்த இடத்தில் பிள்ளையார் கிடந்தார். மிதித்துவிட்டாள். அன்றைக்கெல்லாம் கன்னத்தில் போட்டுக்கொண்டே இருந்தாள். அன்றைக்கு நான் ஒரு முடிவெடுத்தேன்: இனி எங்கள் வீட்டில் பிள்ளையார் கீழே விழக் கூடாது.

மறுபடியும் நானாவிடம் போனேன். அவர் ஒரு டின்னை எடுத்து வைத்தார். உள்ளே தேன் மாதிரி மஞ்சள் பசை. "இதை ஒட்டினா அண்ணே, சுவரு வரும், இது வராது," என்றார். பட்டியின் சிவப்பெல்லாம் ஊறிப் போயிருந்ததால், ஒவ்வொரு பிள்ளையாரையும் காது, தும்பிக்கை, தொந்தி என்று ஓரம் பார்த்துக் கத்தரித்து, முதுகில் பசை தடவி, தனித்தனியாக ஒட்டிக்கொண்டு வந்தேன். வேலை விட்டு வந்த என் மனைவி வாசலிலேயே மூக்கைப் பொத்தினாள்.

"என்னா இது, செருப்புக் கடை வாடை?"

டின்னைத் தூக்கித் திருப்பிப் பார்த்தாள். அதில் ஒரு சப்பாத்துப் படம்.

"சாமியைச் செருப்புப் பசையிலயா ஒட்டுறீங்க?"

"எதுல ஒட்டுனா என்னா? அவரு விழாம இருக்கணும், அவ்வளவுதான்."

விழவில்லை. எத்தனையோ மழை, எத்தனையோ பனி. ஒரு காது கூடக் கழலவில்லை. வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் நகத்தால் சுரண்டிக் காட்டிப் பெருமைப்பட்டிருக்கிறேன்.

இப்போது அந்தப் பெருமையே என் தலையில் வந்து உட்கார்ந்துகொண்டது. எந்தக் காரியம் என்றாலும் அவரிடம் கேட்டுத்தான் தொடங்குகிறவன் நான். கல்யாணப் பத்திரிகையின் உச்சியில் அவர் படத்தைப் போட்டு அச்சடிக்கக் கொடுத்துவிட்டு, வீட்டில் இருக்கிறவரைச் சுரண்டி வெளியே தள்ளுவதா? அவர் முகம் கோணினால் என் பிள்ளையின் வாழ்க்கை என்ன ஆகும்? அப்படியே விட்டாலும் என் பிள்ளையின் வாழ்க்கைதான். ஹாலிஎலப் பெண் முதல் நாளே சுவரைப் பார்த்துவிட்டு, இது வீடா கோயிலா என்று திகைத்து உட்கார்ந்துவிட்டால்?

"திரை போட்டு மூடிரலாமா?" என்றேன்.

"நாலு செவருக்குமா? அது ரூமா, சர்க்கஸ் கூடாரமா?"

"அலுமாரியை முன்னால நகத்தி வைக்கலாம்."

"அலுமாரி ஒண்ணு. பிள்ளையாரு எத்தனை பேரு?"

"அப்ப மேலயே பெயின்ட்..." என்று தொடங்கி நானே நாக்கைக் கடித்துக்கொண்டேன். சாமி முகத்தில் பிரஷ்ஷால் பூசுவதை மனதில் நினைத்ததற்கே இரண்டு குட்டு குட்டிக்கொண்டேன்.

தோட்டத்துக் கோயில் பூசாரியிடம் போனேன். விஷயத்தைச் சுற்றி வளைத்துத்தான் சொன்னேன். அவர் பாதியிலேயே சிரித்துவிட்டார்.

"போடரைக் கழட்டுறதுக்கெல்லாம் நான் மந்திரம் படிக்கலையேப்பா," என்றவர், கொஞ்ச நேரம் தாடியைத் தடவிக்கொண்டிருந்தார். "மஞ்சள்ல பிள்ளையார் புடிச்சு வச்சுக் கும்புடுறோமில்ல? பூசை முடிஞ்சதும் என்னா செய்றோம்? வடக்குப் பக்கமா லேசா நகத்தி வைக்கிறோம். நகத்திட்டா அவரு போயிட்டாருன்னு அர்த்தம். அதுக்குப் பொறகு அது வெறும் மஞ்சள்தான். அதே மாதிரி செய்யி. கற்பூரம் காட்டு, போயிட்டு வாங்க சாமின்னு சொல்லு, வடக்க ஒரு நெல்லளவு நகத்து. பொறகு எடுத்துக் கால் படாத எடத்துல பொதச்சிரு."

எனக்கு மனபாரம் இறங்கிவிட்டது. இவ்வளவுதானா!

சனிக்கிழமை குளித்து, திருநீறு பூசி, உள்ளறையில் கற்பூரம் காட்டினேன். முதல் பிள்ளையார் முன்னால் நின்று, "போயிட்டு வாங்க சாமி, கல்யாணத்துக்கு மட்டும் மறக்காம வந்துருங்க," என்று சொல்லி, கட்டைவிரலை வைத்து வடக்கே தள்ளினேன்.

நெல்லளவு என்ன, கடுகளவு கூட அசையவில்லை.

இரண்டு விரலால் தள்ளினேன். உள்ளங்கையை வைத்து, காலை ஊன்றித் தள்ளினேன். வாசலில் என் மனைவி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"என்னா, போக மாட்டேங்கிறாரா?"

"கொஞ்சம் சும்மா இரு."

"கல்யாணச் சாப்பாடு சாப்புட்டுட்டுத்தான் போவாரு போல."

வேறு வழியில்லாமல் பஸ் ஏறிப் பதுளைக்குப் போனேன். நானா என்னைக் கண்டதும், "வாங்கண்ணே, இன்னும் ஏதாச்சும் ஒட்டணுமா?" என்றார்.

"கழட்டணும்."

"கழட்டவா? நான் அன்னைக்கு என்ன சொன்னேன்? சுவரு வரும், இது வராதுன்னேன். பொய் சொன்னேனா?"

"மகனுக்குக் கல்யாணம். அந்த ரூமைத்தான் அதுகளுக்குக் குடுக்கிறோம்," என்றேன், தரையைப் பார்த்துக்கொண்டு.

"அடடே, அதுவா? அதை மொதல்ல சொல்லப்படாதா!"

என்னைத் தவிர உலகத்தில் எல்லோருக்கும் இது உடனே விளங்குகிறது.

நானா வேலை முறையைச் சொல்லித் தந்தார். தகட்டை எடுத்த எடுப்பில் வைத்துச் சுரண்டினால் சுவர்ப் பூச்சும் சேர்ந்து பெயர்ந்து வரும். முதலில் சூடு காட்ட வேண்டும். ஈரத் துணியை மேலே பிடித்து இஸ்திரிப் பெட்டியை வைத்து வைத்து எடுத்தால் பசை இளகும். இளகியதும் மெல்லிய தகட்டை ஓரத்தில் கொடுத்து உரிக்கலாம். உரித்த பிறகுதான் உண்மையான வேலை: சுவரில் தங்குகிற பசை. "அதுக்குப் பொறுமை வேணும் அண்ணே. அவசரப்பட்டு எண்ணெய் கிண்ணெய் போட்டுராதீங்க," என்றார். மற்றதெல்லாம் நினைவில் நின்றது. இந்தக் கடைசிப் பேச்சுதான் நிற்கவில்லை.

மகனும் லீவு போட்டு வந்து சேர்ந்துகொண்டான். நான் துணியைப் பிடிக்க, அவன் இஸ்திரிப் பெட்டியை வைத்தான். ஆவி எழுந்தது. பழைய செருப்புக் கடை வாடையும் எழுந்தது. விரலை வைத்துத் தள்ளினேன். பிள்ளையார் அசைந்தார்! நெல்லளவு, வடக்கே. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"தும்பிக்கைப் பக்கம் தகட்டை வைக்காதே," என்றேன். "கால்கிட்ட எலி இருக்கு பாரு, அங்கருந்து ஆரம்பி."

"ஆமா, எலி முன்னால போயி வழி பாத்து வைக்கட்டும்," என்றாள் சமையலறையிலிருந்து என் மனைவி.

கிழக்குச் சுவரும் மேற்குச் சுவரும் தொல்லை தரவில்லை. சுவரோடு சுவராக வடக்கே நகர்த்தினோம். தெற்குச் சுவரில் இருந்தவர்களை உரித்து எங்கள் பக்கம் இழுத்தாலே அது வடக்குத்தான். வடக்குச் சுவருக்கு முன்னால் வந்ததும் நானும் மகனும் இஸ்திரிப் பெட்டியோடு அப்படியே நின்றுவிட்டோம். இவர்களுக்கு வடக்கே சுவர்தான் இருக்கிறது.

என் மனைவி வந்து எட்டிப் பார்த்தாள். "என்னா நின்னுட்டீங்க?"

"இவரை எங்கிட்டு நகத்துறது?"

"செவத்துக்கு அந்தப் பக்கம் என்னா இருக்கு?"

"மாட்டுக் கொட்டில்."

"நல்லதாப் போச்சு. அங்க அருகம்புல்லுக்குப் பஞ்சமே இல்ல."

மகன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கல்யாணத்துக்கு நாள் நெருங்குகிறது, இந்த ஒரு சுவரில் முறை தவறிவிட்டால் என்ன செய்வது? என் முகத்தைப் பார்த்ததும் அவள் குரல் மாறியது. பக்கத்தில் வந்து நின்று சுவரைப் பார்த்தாள்.

"மேல நகத்துங்க," என்றாள்.

"மேலயா?"

"கைலாசம் வடக்கதானே இருக்கு? ஒசரத்துலயும்தானே இருக்கு? அப்பா அம்மா வீட்டுக்குப் போறவரு மேல ஏறித்தானே போகணும்."

இதைப் பூசாரி கூடச் சொல்லியிருக்க மாட்டார். ஒவ்வொருவரையும் நெல்லளவு மேலே ஏற்றி அனுப்பி வைத்தோம். எல்லோரையும் ஒரு புதுச் சட்டியில் அடுக்கி, துணியால் மூடி, வீட்டுக்குப் பின்னால் யாரும் நடக்காத மூலையில், வாழைக்குப் பக்கத்தில் புதைத்தேன்.

சாமி போய்விட்டார். பசை போகவில்லை.

காது, தும்பிக்கை, தொந்தி என்று நான் கத்தரித்த வடிவத்திலேயே மஞ்சள் பசை சுவரைச் சுற்றி உட்கார்ந்திருந்தது. கை வைத்தால் கை ஒட்டியது. தூசி, கொசு, என் மனைவி உதறிய போர்வையின் நூல், எல்லாவற்றையும் அது பிடித்து வைத்துக்கொண்டது. சவர்க்காரத் தண்ணீரை வைத்துத் தேய்த்தோம். வினாகிரியை ஊற்றித் தேய்த்தோம். வீடு முழுக்க ஊறுகாய் வாடை அடித்ததுதான் மிச்சம். கடைசியில் நானா சொன்னதுதான் சரி. சூடு காட்டி, பசை இளகும்போது கட்டைவிரலால் உருட்டி உருட்டி எடுக்க வேண்டும். உருட்ட உருட்டச் சின்னச் சின்ன உருண்டையாகத் திரண்டு வந்தது. சாயந்தரம் கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்த என் மனைவியும் உட்கார்ந்து உருட்டினாள். தேயிலைச் சாயம் ஏறிய அவளுடைய விரல்தான் எங்கள் விரல்களைவிட வேகம்.

தட்டில் சேர்ந்த உருண்டைகளைப் பார்த்து, "போகும்போது கொழுக்கட்டை குடுத்துட்டுப் போயிருக்காரு. யாருக்கு வேணும்?" என்றாள்.

இப்படியே செய்திருந்தால் நன்றாக முடிந்திருக்கும். எனக்குப் பெருவிரல் இரண்டும் தோல் உரிந்துவிட்டன. மகன் எல்லவுக்குத் திரும்பிவிட்டான். அவள் கொழுந்தெடுக்க மலைக்குப் போயிருந்தாள். வடக்குச் சுவரும் கிழக்குச் சுவரும் பாக்கி. மண்ணெண்ணெய்ப் போத்தல் கண்ணில் பட்டது. துணியில் நனைத்துத் தேய்த்தேன். ஆகா, பசை வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தது! ஒரே பகலில் இரண்டு சுவரையும் முடித்துவிட்டு, அடுத்தடுத்த நாட்களில் சவர்க்காரத் தூள் போட்டுக் கழுவி, காய விட்டு, மேடு பள்ளம் நிரவப் பூச்சு பூசித் தேய்த்து, முழு அறைக்கும் இளம் பச்சை அடித்தேன். எண்ணெய் போட்ட அன்று சாயந்தரம் திரும்பி வந்தவள் மூக்கை உறிஞ்சினாள். மண்ணெண்ணெய்ப் போத்தலை வெளிச்சத்தில் தூக்கி, எவ்வளவு மிச்சம் என்று பார்த்தாள். அவள் இப்படிப் பார்த்தால்தான் எனக்குப் பயம்.

பெயின்ட் காய்ந்தது. கல்யாணத்துக்கு முதல் நாள் வெயில் சாய்ந்து, ஜன்னல் வழியாக வந்த வெளிச்சம் அந்த இரண்டு சுவர்களிலும் விழுந்தபோது, பசையோடு மண்ணெண்ணெய் ஊறிய இடமெல்லாம் கொஞ்சம் மங்கலாக எழும்பி வந்தது. இரண்டு காது, வட்டத் தலை, கீழே பெரிய வட்டம். ஒருவர் பக்கத்தில் ஒருவராக, வரிசையாக.

"ஐயோ, திரும்பி வந்துட்டாரு," என்று கத்திவிட்டேன்.

அவள் மாவாட்டிய கையோடு ஓடி வந்தாள். பார்த்தாள்.

"நானா எண்ணெய் போட வேணாம்னு சொல்லலையா?"

"சொன்னாரு."

"நெனைச்சேன்."

மறுபடி பெயின்ட் அடிக்க நேரமில்லை. முற்றத்தில் பந்தல்காரர்கள் நின்றார்கள். முன்னறை நிறையச் சொந்தக்காரர்கள். அன்று இரவு முழுக்க நான் சாமித் தட்டு முன்னால் போய்ப் போய் நின்றேன். உங்களை நான் விரட்டவில்லை சாமி, பிள்ளைகள் கூச்சப்படக் கூடாதே என்றுதான், நீங்கள் கோபித்துக்கொண்டால் என்னைக் கோபித்துக்கொள்ளுங்கள், அதுகளை விட்டுவிடுங்கள் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. மழை கூட ஒதுங்கி நின்றது. மருமகள் வந்தாள். அதிகம் பேசாத பிள்ளை. கண் மட்டும் எல்லாவற்றையும் பார்க்கும். அந்தக் கண்ணுக்குத்தான் நான் பயந்தேன். அந்த அறைக்குள் அவள் போகும்போதும் வரும்போதும் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் தெரியவில்லை.

நாலைந்து நாள் கழித்து ஒரு சாயந்தரம், நான் முன்னறையில் விளக்குக்குத் திரி போட்டுக்கொண்டிருந்தேன். உள்ளறையைக் கூட்டிவிட்டு வந்த மருமகள் சமையலறை வாசலில் நின்று கேட்டது காதில் விழுந்தது.

"அத்தை, அந்த ரூம் செவத்துல என்னமோ தெரியுதே?"

என் கையிலிருந்த திரி நின்றுவிட்டது.

"என்னா தெரியுது?" என்றாள் என் மனைவி.

"வெயில் அடிக்கும்போது மட்டும் தெரியுது. வரிசையா யாரோ குண்டா உக்காந்திருக்கிற மாதிரி. மொகமே இல்ல அத்தை. எல்லாரும் அந்தப் பக்கம் திரும்பி, முதுகைக் காட்டிக்கிட்டு உக்காந்திருக்காங்க."

 என் மனைவி சிரிக்கத் தொடங்கினாள். கரண்டி கீழே விழுந்தது. சுவரில் சாய்ந்து, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே முன்னறை வரைக்கும் வந்துவிட்டாள்.

"கேட்டீங்களா? ஒங்களுக்கு நான் நடுவுல நிக்க வச்சுச் சொல்ல வேண்டியிருந்துச்சு. அவருக்கு யாரும் சொல்லவே இல்ல, தானாத் திரும்பி உக்காந்துட்டாரு."

மருமகளுக்கு ஒன்றும் புரியவில்லை. அத்தை அவளை இழுத்துக் காதில் எதையோ சொன்னாள். அந்தப் பிள்ளை ஒரு முறை என்னைப் பார்த்தது, ஒரு முறை உள்ளறையைப் பார்த்தது, முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு சமையலறைக்குள் ஓடிவிட்டது. கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து இரண்டு சிரிப்புக் கேட்டது. ஒன்று எனக்குப் பழகிய சிரிப்பு. மற்றது அன்றைக்குத்தான் எங்கள் வீட்டில் முதல் தடவையாகக் கேட்டது.

நான் விளக்கை ஏற்றினேன். சாமித் தட்டைச் சுற்றி நான் முதலில் ஒட்டிய பிள்ளையார்கள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். அவர்கள் நேராக என்னையே பார்த்தார்கள். கோபமாகத் தெரியவில்லை. கும்பிட்டுக்கொண்டேன்.

இன்னொரு முறை பெயின்ட் அடித்தால் மறைந்துவிடும் என்கிறார் நானா. மருமகள் வேண்டாம் என்றுவிட்டாள். உள்ளறை அலுமாரியில் இருந்து எதையாவது எடுக்க வேண்டியிருந்தால், இப்போதெல்லாம் நான் வாசலில் நின்று இரண்டு தடவை இருமிவிட்டுத்தான் உள்ளே போகிறேன். ஆள் இல்லாத நேரத்திலும் இருமுகிறேன்.